ரத்தத்துக்கும் ஒரு ஜி.எஸ்.எம். உண்டு

கண்ணாடி விரியன் கடிச்ச ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தா, அங்கே முதல்ல செய்யற சோதனைகள்ல ஒண்ணு என்னன்னு தெரியுமா? ஸ்கேன் இல்லை. லட்ச ரூபாய் மெஷினும் இல்லை. கழுவிப் பயன்படுத்தாத ஒரு புதுக் கண்ணாடிக் குழாய். அதுல 2 மில்லி ரத்தம். ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் அப்படியே வைக்கணும். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பார்க்கணும். ரத்தம் கெட்டியா நின்னா இப்போதைக்குப் பரவாயில்லை. தண்ணி மாதிரி ஓடினா, விஷம் ரத்தத்தோட உறையும் திறனையே காலி பண்ணிடுச்சுன்னு அர்த்தம். விஷமுறிவு மருந்தை உடனே ஏத்தணும்.

இவ்வளவுதான் சோதனை. டேவிட் வாரல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நைஜீரியாவில் சுருட்டை விரியன் கடிபட்டவர்களைக் கவனித்து 1977-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது இது. கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு முறை. அதை நான் குறை சொல்ல வரலை. எத்தனையோ உயிரைக் காப்பாத்தின குழாய் அது.

நான் சொல்ல வர்றது வேற. "உறைஞ்சுதா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியோட நாம ரொம்ப நாளா நின்னுட்டோம். "உறைஞ்சது எப்படி உறைஞ்சிருக்கு? நூல் மொத்தமா, மெல்லிசா? வலை நெருக்கமா, இளசா? இழுத்தா தாங்குமா?" என்ற அடுத்த கேள்விகள்தான் இன்னைக்கு ரத்த உறைவு ஆராய்ச்சியின் மையம். அந்தக் கேள்விகளைக் கேட்க உலகத்துலயே அதிகம் பழகினவங்க யாருன்னு யோசிச்சா, அது துணிக்காரங்கதான். அதாவது நம்ம ஆளுங்க.

கொஞ்சம் பொறுங்க, இது உவமைக்காகச் சொன்னது இல்லை. படிச்சுப் பாருங்க.

முதல்ல, நம்ம ஊருக்கு இதில் என்ன பங்கு?

காங்கேயம்னா வெளியூர்க்காரங்களுக்குக் காளை ஞாபகம் வரும். இங்கே படிக்கிற நமக்குத் தெரிஞ்ச காங்கேயத்துல கொரங்காடும் கிளுவை வேலியும் இருக்கு, அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் தேங்காய்க் களமும் இருக்கு, விடியக்காலையில திருப்பூருக்கு ஆள் ஏத்திட்டுப் போற கம்பெனி வேனும் இருக்கு. நெல்லும் தேங்காயும் இருக்கற இடத்துல எலி இருக்கும். எலி இருக்கற இடத்துக்குப் பாம்பு வரும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரப்புல நடந்து வீட்டுக்குப் போற அக்காவுக்கும், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற அப்பாரய்யனுக்கும் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்துக்காரங்க. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதாவது இனி ஒவ்வொரு கடியும் அரசுக் கணக்கில் வந்தாகணும்.

கணக்கு வந்துடும். ஆனா அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு அடுத்து என்ன? அதைச் செய்யப் போறது யாரு?

ரத்தத்துக்குள்ள ஒரு நிட்டிங் யூனிட்

நம்ம ரத்தத்துல ஃபைப்ரினோஜன்னு ஒரு புரதம் கரைஞ்சே சுத்திட்டு இருக்கு. ஒரு லிட்டர் பிளாஸ்மாவுக்கு 2 முதல் 4 கிராம். உடம்பு முழுக்க ஓடுற ரத்தத்துல இருக்கறதைச் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு கைக்குட்டை எடைதான் வரும். அதைச் செய்யறது கல்லீரல். கல்லீரலை ஸ்பின்னிங் மில்னு வச்சுக்கங்க.

ஒரு ஃபைப்ரினோஜன் மூலக்கூறு சுமார் 45 நானோமீட்டர் நீளம். ஆறு புரதச் சங்கிலிகளை முறுக்கின மாதிரி அமைப்பு. நடுவுல ஒரு முடிச்சு, ரெண்டு முனையிலும் ஒவ்வொரு முடிச்சு. முனைகள்ல காஜா தயாரா இருக்கு. நடு முடிச்சுல பட்டனும் இருக்கு. ஆனா பட்டன் மேல ஒரு சின்னப் பிசிறு மூடிட்டு இருக்கறதால காஜாவுக்குள்ள போகாது. அதனாலதான் ரத்தம் சும்மா இருக்கறப்ப திரவமாவே ஓடுது.

காயம் பட்டதும் ஒரு தொடர் வேலை ஆரம்பிக்குது. ஒரு நொதி அடுத்த நொதியைத் தூண்டி, அது அடுத்ததைத் தூண்டி, கடைசியில த்ராம்பின் வருது. இந்தத் தொடரை 1964-ல் இங்கிலாந்தில் மேக்ஃபார்லேனும், அமெரிக்காவில் டேவியும் ரட்னாஃபும் தனித்தனியா விளக்கினாங்க. ஒரு தரப்பு அதை அடுக்கருவின்னும் இன்னொரு தரப்பு நீர்வீழ்ச்சின்னும் சொன்னது.

த்ராம்பின் செய்யற வேலை நம்ம செக்கிங் டேபிள் வேலைதான்: பிசிறு வெட்டறது. அந்தச் சின்னத் துண்டுகளை அது வெட்டினதும் பட்டன் வெளியே தெரியும். பக்கத்து மூலக்கூறோட காஜாவுக்குள்ள போய் மாட்டிக்கும். செங்கல் கட்டுல ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் பாதி தள்ளி வைப்பாங்க இல்லையா, அதே மாதிரி இங்கேயும் மூலக்கூறுகள் பாதி நீளம் தள்ளித் தள்ளி ரெட்டை வரிசையா அடுக்கிக்கும். அந்த ரெட்டை வரிசைகள் பக்கவாட்டுல சேர்ந்து நூலாகும். நூல்கள் கிளை பிரிஞ்சு முப்பரிமாண வலையாகும். அந்த வலைதான் ஃபைப்ரின் ஜெல். அதுல சிவப்பணுக்கள் மாட்டினா நாம கண்ணால பார்க்கற ரத்தக்கட்டி.

ஆச்சரியம் என்னன்னா, இந்த ஜெல்லுல ஃபைப்ரின் எடை ஒரு சதவீதம்கூட கிடையாது. மீதி எல்லாம் தண்ணியும் அணுக்களும். இவ்வளவு கம்மி நூலை வச்சு ஓடுற ரத்தத்தை நிறுத்தற மாதிரி ஒரு துணியை எந்த நிட்டிங் மாஸ்டராலும் போட முடியாது.

வேலை இதோட முடியலை. பட்டன் மாட்டினது மட்டும் போதாது, தைக்கணும். பதிமூன்றாவது காரணின்னு ஒரு நொதி வந்து நூலுக்குள்ள வலுவான வேதிப் பிணைப்புகளைப் போடும். ஓவர்லாக் அடிக்கறதுன்னு வச்சுக்கங்க. அப்புறம் தட்டணுக்கள் வலையைப் பிடிச்சு இழுத்துச் சுருக்கும்; கம்பாக்டிங் மாதிரி. அப்படிச் சுருங்கின கட்டிக்குள்ள சிவப்பணுக்கள் வட்டத்தட்டு வடிவத்தை இழந்து, பல முகம் கொண்ட கல் மாதிரி நெருக்கி அடுக்கிக்குதுன்னு 2014-ல் ஜான் வைசல் குழுவினர் படம் பிடிச்சுக் காட்டினாங்க. காயம் ஆறினதும் பிளாஸ்மின்னு இன்னொரு நொதி வந்து தையலைப் பிரிக்கும்.

உவமைக்கும் ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடறேன். நிட்டிங்ல நூல் வளையம் வளையமா கோர்த்து வரும். ஃபைப்ரின்ல வளையம் இல்லை, ஒழுங்கும் இல்லை. அமைப்புன்னு பார்த்தா அது பனியன் துணியைவிட நான்-வோவனுக்குத்தான் சொந்தக்காரன். ஆனா கேட்க வேண்டிய கேள்விகள் ஒண்ணுதான்.

விரியன் என்ன பண்ணுது?

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை "தண்ணியாக்கிடும்"னு ஊர்ல சொல்வாங்க. உண்மையில நடக்கறது அதுக்கு நேர் எதிர்ல ஆரம்பிக்குது. அந்த விஷத்துல இருக்கற நொதிகள் பத்தாவது காரணியையும் ஐந்தாவது காரணியையும் நேரா தூண்டி விட்டுடும். காயமே இல்லாத இடத்துலயும் த்ராம்பின் உருவாகும். அது பார்க்கற ஃபைப்ரினோஜனை எல்லாம் வெட்டித் தள்ளும். ஆர்டரே இல்லாம எல்லா மெஷினையும் ராத்திரி பகலா ஓட்டி, குடோன்ல இருக்கற நூலை மொத்தமா தீர்த்த கதை. கொஞ்ச நேரத்துல நூல் இல்லை. இப்போ நிஜமாவே ஒரு இடத்துல ரத்தம் கசிஞ்சா அதை அடைக்க ஒண்ணும் மிச்சம் இல்லை. ஈறுல ரத்தம், சிறுநீர்ல ரத்தம், சிலருக்கு மூளைக்குள்ள ரத்தம்.

விஷமுறிவு மருந்து விஷத்தைக் கட்டிப் போடும், அவ்வளவுதான். தீர்ந்த நூலை அது தராது. கல்லீரல் மறுபடி நூத்துத் தரணும். அதுக்குச் சில மணி நேரம் ஆகும். அதனாலதான் மருந்து ஏத்தினதும் 6 மணி நேரம் கழிச்சு அதே குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்யறாங்க.

இதே விஷத்தை மருந்தாக்கினதும் உண்டு. 1934-ல் மேக்ஃபார்லேன், பார்னெட் ரெண்டு பேரும் கண்ணாடி விரியன் விஷத்தை ரொம்ப நீர்க்க வச்சு, ஹீமோஃபிலியா நோயாளிகளோட காயத்துல மேலாகப் போட்டு ரத்தத்தை நிறுத்த முடியும்னு லான்செட் இதழ்ல எழுதினாங்க. இன்னைக்கும் ஒருவகை உறைதல் கோளாறைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆய்வகங்கள்ல நீர்த்த விரியன் விஷத்தைத்தான் பயன்படுத்தறாங்க.

அந்த விஷம் இந்தியாவுல எங்கிருந்து வருது? 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கு. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி அவங்க கையால எடுத்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. எந்தக் கல்லூரியிலயும் படிக்காம தலைமுறை தலைமுறையா வந்த அறிவு, இன்னைக்கு நாட்டோட மருந்துக்கு ஆதாரம். இதை மனசுல வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

"உறைஞ்சுதா" என்ற கேள்வி ஏன் போதாது?

மூணு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், அந்தக் கேள்வியையே நாம சரியா கேட்கறது இல்லை. கண்ணாடியின் மேற்பரப்பு பட்டாத்தான் குழாய்க்குள்ள உறைதல் தொடர் கிளம்பும். பிளாஸ்டிக் குழாய்ல வச்சாலோ, சோப்புப் போட்டுக் கழுவின பழைய குழாய்ல வச்சாலோ நல்ல ரத்தமும் உறையாம போகலாம். இந்தக் கண்ணாடி விஷயம் புரிய உதவினவர் ஜான் ஹேக்மன் என்ற அமெரிக்க ரயில்வே ஊழியர். அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய அளவுக்கு மீறி நேரம் எடுத்தது. அதைத் துருவி 1955-ல் ரட்னாஃப் ஒரு புதுக் காரணியைப் பத்தி எழுத, அது நோயாளி பேரிலேயே ஹேக்மன் காரணி ஆச்சு.

இலங்கையில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களிடம் நடந்த ரெண்டு ஆய்வுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 2013-ல் வெளியானதுல, வார்டுல வழக்கமா செஞ்ச குழாய்ச் சோதனை உறைதல் கெட்டவங்கள்ல பாதிக்கு மேற்பட்டவங்களைத் தவறவிட்டது. 2017-ல் வெளியானதுல, முறையை ஒழுங்குபடுத்தி, பயிற்சி பெற்றவங்க செஞ்சப்போ 82 சதவீதம் பேரைச் சரியா பிடிச்சது. ஒரே சோதனை, ஒரே பாம்பு. குழாய், அளவு, நேரம், கை, இதுல வந்த வித்தியாசம்தான். இதுக்கு நம்ம பாடத்துல ஒரு பேர் இருக்கு: தரக் கட்டுப்பாடு. டாக்டர் கண்டுபிடிக்க வேண்டியது இதில் ஒண்ணுமில்லை. இது நம்ம வேலை.

ரெண்டாவது காரணம், நேரத்துக்குள்ள உறைஞ்சாலும் அந்தக் கட்டி ஏமாத்தலாம். பதிமூன்றாவது காரணி பிறவியிலேயே இல்லாதவங்க இருக்காங்க. அவங்க ரத்தம் குழாய்ல சரியா உறையும். வழக்கமான உறைதல் நேரச் சோதனைகள் எல்லாம் நார்மல்னு வரும். ஆனா ஓவர்லாக் அடிக்காத துணி மாதிரி அந்தக் கட்டி பிரிஞ்சு போயிடும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழற இடத்துல ரத்தம் நிக்காம வர்றது இதோட ஒரு அடையாளம். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்தாத்தான் இந்தக் குறை வரும். அதனால சொந்தத்துல கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல வாய்ப்பு கூடுதல். எப்படிக் கண்டுபிடிக்கறாங்க தெரியுமா? கட்டியை யூரியா கரைசல்ல போட்டுப் பார்க்கறாங்க. தைக்காத கட்டி கரைஞ்சுடும், தைச்ச கட்டி நிக்கும். 1948-ல் லாக்கி, லோரண்ட் என்ற ரெண்டு ஹங்கேரிக்காரங்க இந்தக் காரணி இருக்குன்னு காட்டினதே இந்த வழியிலதான். நம்மகிட்ட ஒருத்தர் துணியைக் கொண்டு வந்தா வாஷ் டெஸ்ட் போட்டுப் பார்ப்போம் இல்லையா? அதேதான்.

மூணாவது காரணம், உறைஞ்ச கட்டி நல்லாவே உறைஞ்சதுதான் சிலருக்குப் பிரச்சினை. ஜான் ஃபெர்ரி என்ற அமெரிக்க பாலிமர் விஞ்ஞானி 1947-ல் மாரிசனோட சேர்ந்து எழுதின கட்டுரையில், ஒரே ஃபைப்ரினோஜனை வச்சு ரெண்டு விதக் கட்டி செய்யலாம்னு காட்டினார். உப்பு அளவையும் அமிலத்தன்மையையும் மாத்தினா, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவான மெல்லிழைக் கட்டி; இன்னொரு பக்கம் பால் மாதிரி மங்கலான தடிப்பிழைக் கட்டி. சாயப்பட்டறையில உப்பு அளவு மாறினா ஷேடு மாறும்னு தெரிஞ்ச ஊருக்கு இது புதுசா இருக்காது. த்ராம்பின் அளவும் அப்படித்தான்: நிறைய இருந்தா மெல்லிய நூல், நெருக்கமான வலை, குறைவா இருந்தா தடித்த நூல், பெரிய பெரிய ஓட்டை.

மாரடைப்பு வந்தவருக்குக் கட்டியைக் கரைக்க மருந்து கொடுக்கறாங்க. அங்கே இந்த வலையோட அமைப்புதான் பேசும். நெருக்கமான வலைக்குள்ள கரைக்கற நொதி புகுந்து பரவ நேரமாகும். இதுல ஒரு அழகான சிக்கல் இருக்கு: தனி நூலா எடுத்தா மெல்லிய நூல் சீக்கிரம் அறும். ஆனா மெல்லிய நூலால ஆன நெருக்கமான வலை, முழுசா பார்த்தா மெதுவாத்தான் கரையும். நூலோட குணம் வேற, துணியோட குணம் வேற. டெக்ஸ்டைல் முதல் வருஷத்துலயே நமக்கு இதைச் சொல்லிக் கொடுத்துடறாங்க!

நீட்சியையும் பாருங்க. பருத்தி இழை பத்து சதவீதம் நீளறதுக்குள்ள அறுந்துடும். 2006-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வுல ஒத்தை ஃபைப்ரின் இழையை நுண்ணோக்கிக்கு அடியில வச்சு இழுத்தாங்க. பிணைப்புப் போட்ட இழை சராசரியா 330 சதவீதம் நீண்ட பிறகுதான் அறுந்தது. 180 சதவீதம் வரை நீட்டி விட்டாலும் பழைய நிலைக்கு வந்தது. ஸ்பான்டெக்ஸ் போடாமலே இப்படி ஒரு இழை, நம்ம எல்லார் உடம்புலயும் தயாரா இருக்கு.

திருப்பூர்ல ஒரு பையர் வந்து, "துணி வந்துச்சா, வரலையா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போவாரா? ஜி.எஸ்.எம். என்ன, கவுண்ட் என்ன, சுருக்கம் எத்தனை சதவீதம், பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் என்ன, பில்லிங் வருமா, இத்தனையும் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு டி-ஷர்ட்டுக்குக் கேட்கற கேள்வியை உயிர் காக்கற வலைக்குக் கேட்க வேண்டாமா?

"அது மெடிக்கல் பசங்க வேலைப்பா"

இதைத்தான் எல்லாரும் சொல்றோம். வரலாறு அப்படிச் சொல்லலை.

1950-களில் ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர், வீங்கின பெரிய ரத்தக்குழாயை வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கச் செயற்கைக் குழாய் தேடினார். துணிக்கடைக்கு நைலான் வாங்கப் போனார். நைலான் தீர்ந்து போச்சு, டாக்ரான் இருக்குன்னு கடையில சொன்னாங்க. அதாவது பாலியஸ்டர். வாங்கிட்டு வந்து, மனைவியோட தையல் மெஷின்ல அவரே குழாயா தைச்சார். அப்புறம் நல்ல தரத்துல, தையலே இல்லாத குழாய் வேணும்னு அவர் போய் நின்னது எந்த மருத்துவக் கல்லூரியிலயும் இல்லை. பிலடெல்பியா டெக்ஸ்டைல் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் எட்மன்கிட்ட. அவர்தான் அந்தக் குழாயைப் போட ஒரு நிட்டிங் மெஷினை வடிவமைச்சுக் கொடுத்தார்.

இப்போ நம்ம தலைப்புக்கு வருவோம். நிட்டட் துணின்னா ஓட்டை இருக்கும், ஓட்டை வழியா ரத்தம் கசியும். அதுக்கு அறுவை மருத்துவர்கள் செஞ்ச தந்திரம் என்ன தெரியுமா? உள்ளே வைக்கறதுக்கு முன்னாடி அந்தத் துணிக்குழாயை நோயாளியோட சொந்த ரத்தத்துலயே நனைச்சு உறைய வச்சாங்க. பாலியஸ்டர் வளையத்துக்கு நடுவுல ஃபைப்ரின் வலை போய் அடைச்சுக்கும். நம்ம நிட்டிங்கும் உடம்போட நிட்டிங்கும் ஒரே துணியில! பின்னாடி ஜெலட்டின், கொலாஜன் பூசின குழாய்கள் வந்தப்புறம்தான் அந்த வேலை குறைஞ்சது.

நம்ம பக்கம் பாருங்க. சென்னை ஐஐடி-யில் மெக்கானிக்கல் படிச்சவர் கே.ஆர். ராஜகோபால், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். ஓடுற ரத்தத்துல கட்டி எப்படி உருவாகுது, எப்படிக் கரையுதுன்னு 2003-ல் எம். ஆனந்த், கே. ராஜகோபால் ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு கணித மாதிரியை வெளியிட்டார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் வேதியியலும் சேர்ந்தது. நாம இன்டர்னல்ல பாஸ் பண்ணினா போதும்னு படிக்கிற அதே பாடம்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்துல பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒரே வளாகத்துல உட்கார்ந்து இதய வால்வு செஞ்சாங்க. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. செயற்கை வால்வுல முதல் பயமே ரத்தம் கட்டிக்கறதுதான். அதனால உலோகச் சட்டம், பிளாஸ்டிக் தட்டு, தைக்கறதுக்கான பாலியஸ்டர் துணி வளையம்னு ஒவ்வொண்ணையும் ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆமாங்க, இதயத்துக்குள்ள வைக்கற வால்வுலயும் துணி இருக்கு.

"சரிங்க, நம்மகிட்ட லேப் ஏது?"

நியாயமான கேள்வி. இதையே சாக்காவும் சொல்லலாம், தொடக்கமாவும் வச்சுக்கலாம்.

முதல்ல ஒண்ணு: ஹாஸ்டல்ல விரலைக் குத்தி ரத்தம் எடுத்து விளையாடற வேலை வேண்டவே வேண்டாம். ரத்தத்தைத் தொடணும்னா நெறிமுறைக் குழு அனுமதி, மருத்துவர் மேற்பார்வை எல்லாம் இருக்கணும். ஆனா ரத்தத்தைத் தொடாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு.

பிரிண்டிங் யூனிட்ல பசை கெட்டியாக்கச் சோடியம் ஆல்ஜினேட் பயன்படுத்தறாங்க. அதுல கால்சியம் குளோரைடு சேர்த்தா ஜெல்லாகும். ரத்தம் உறையவும் கால்சியம் வேணும். ரத்தப் பையில சிட்ரேட் ஊத்தி வைக்கறதே கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாம பார்த்துக்கத்தான். காயத்துல வைக்கற கால்சியம் ஆல்ஜினேட் துணியும் நடைமுறையில இருக்கு. அப்போ ஒரு ஆல்ஜினேட் ஜெல் எவ்வளவு நேரத்துல கெட்டியாகுது, எவ்வளவு இறுகுதுன்னு அளக்கற ஒரு மலிவான கருவியை மெக்கானிக்கலும் இசிஇ-யும் சேர்ந்து செய்ய முடியாதா? உறையற ரத்தம் இருக்கற கிண்ணத்தை மெதுவா திருப்பி, அதுக்குள்ள தொங்கற ஊசி வழியா அதன் இறுக்கத்தை அளக்கும் முறையை ஹார்ட்டர்ட் என்ற ஜெர்மானியர் 1948-லேயே கொண்டு வந்துட்டார். அதன் இன்றைய வடிவங்கள் விலை அதிகம், அதனால பெரிய ஆஸ்பத்திரிகளோட நின்னு போச்சு. விலையைக் குறைக்கறது யாரோட வேலை? பொறியாளனோட வேலைதானே?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறவங்களுக்கு: ஒரு வலையோட படத்தைக் கொடுத்தா நூல் தடிமன், ஓட்டை அளவு, கிளை எண்ணிக்கை எல்லாம் கணக்குப் போடற நிரலை நான்-வோவன் துணிப் படத்துல பழகலாம். நாளைக்கு ஃபைப்ரின் படம் கிடைச்சா அதே நிரல் அதைப் படிக்கும். துணியில குறை கண்டுபிடிக்கற கேமரா ப்ராஜெக்டை வருஷா வருஷம் செஞ்சுட்டுத்தானே இருக்கோம்.

எங்கே போய்க் கேக்கறதுன்னு யோசிக்கிறீங்களா? கோயம்புத்தூர்ல சிட்ரா இருக்கு. 1956-ல் தொடங்கின தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையமும் அங்கேதான். காலையில பஸ் ஏறினா சாயங்காலம் திரும்பி வந்துடலாம். நம்மள்ல எத்தனை பேர் அந்தக் கேட்டுக்குள்ள போயிருக்கோம்? அதே நேரம் ப்ராஜெக்ட் சென்டருக்கு வழி எல்லாருக்கும் தெரியும். பணம் கட்டினா ரிப்போர்ட், சிடி, வைவாவுக்கான பதில், எல்லாம் ஒரே கவர்ல. அந்தப் பணத்துல எத்தனை புதுக் கண்ணாடிக் குழாய் வாங்கலாம்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

இன்னொரு எதிர்வாதமும் காதுல விழுது: "வேலைக்கு ஆகுமா இது?" ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிங்க. நம்ம பெல்ட்டோட பொழப்பு பனியன், டி-ஷர்ட்டை மட்டும் நம்பி இருக்கு. நூல் விலை ஏறினா பயம், வெளிநாட்டுல வரி போட்டா பயம். ஒரு ஆர்டர் போனா ஆயிரம் வீட்டு அடுப்பு யோசிக்குது. அதே மெஷின், அதே கை, அதே அறிவு மருத்துவத் துணிப் பக்கம் கொஞ்சம் திரும்பினா கெட்டுப் போறது ஒண்ணுமில்லை. திருப்பறதுக்கு ரத்தத்தோட பாஷையும் துணியோட பாஷையும் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆள் வானத்துல இருந்து வர மாட்டான். இருளர் சமூகத்துக்காரங்க தங்களுக்குத் தெரிஞ்ச வித்தையை ஒரு கூட்டுறவு சங்கமாக்கி நாட்டுக்கே மருந்து கொடுக்கறாங்க. நமக்குத் தெரிஞ்ச வித்தை நூல். நாம அதை எதுக்குக் கொடுக்கப் போறோம்?

ஆராய்ச்சி வர்ற வரைக்கும்

புதுக் கருவி வர வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் பாம்பு காத்திருக்காது. அதனால இதை வீட்டுல சொல்லி வைங்க: கடிச்ச இடத்துக்கு மேல கயிறு கட்டக் கூடாது. பிளேடால கீறக் கூடாது. வாயால உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு இருந்தா வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, கடிச்ச நேரத்தைக் குறிச்சு, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. அரசு ஆஸ்பத்திரியில மருந்துக்குக் காசு இல்லை. வேர் கொடுக்கறவர் வீட்டுக்குப் போய் அரை நாளைத் தொலைக்கறப்போ, உள்ளே மெஷின் ஓடிட்டே இருக்கு. நூல் தீர்ந்துட்டே இருக்கு.

ஃபைனல் இயர்ல இருக்கறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. ஜீரோத் ரிவியூக்குத் தலைப்புக் கொடுக்கற நாள் வருது. போன வருஷ சீனியர் தலைப்புல ரெண்டு வார்த்தையை மாத்திக் கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தர், பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தர், தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்னு மூணு பேரா உட்கார்ந்து ஒரு டீ சாப்பிடுங்க. அந்தக் கண்ணாடிக் குழாயைப் பத்திப் பேசுங்க. 20 நிமிஷம் போதும்.